எரிந்து அணைய வேண்டிய விளக்கு

ஆகஸ்ட் 18, திங்கள்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதம் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று முதல் என் காருக்கு.

மூன்றாவது தடவையாக வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது தடவையாக அங்கே ஏர்பேக் லைட் எரியவில்லை. ரோட்டில் மணிக்கணக்காக என்னை முறைத்துக்கொண்டு வருகிற லைட், சர்வீஸ் சென்டர் வாசலைக் கண்டதும் உத்தமியாகிவிடுகிறது. அங்கே வண்டிகளை வாங்கி எழுதிக்கொள்கிற மதிவாணன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்.

"மேடம், எடதுபக்க சீட் லைன்ல ஏதோ ஃபால்ட் வந்துட்டுப் போனதா காட்டுதுங்க. ஆனா இப்ப இல்லை. சீட்டுக்கு அடியில எல்லாம் பாத்தாச்சு. காஞ்சு, கெட்டியா, சுத்தமா இருக்குது."

சுத்தமாக இல்லாமல் எப்படி இருக்கும்? அதிகாலையில் எழுந்து ஒன்றரை மணி நேரம் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க மேடம். எப்ப எரியுது, எப்ப அணையுதுன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு வாங்க. அதை வெச்சுப் பாக்கலாம்."

என்னை வெளியே அனுப்பத்தான் சொன்னார் என்பது தெரியும். ஆனால் யாரிடம் சொல்கிறார்? இருபத்தாறு வருசமாகக் கால்நடை ஆய்வாளர் நான். தாராபுரத்தைச் சுற்றி எந்த மாடு எப்போது சினையானது என்று பதிவேடு வைத்திருக்கிறவளுக்கு ஒரு லைட்டுக்குப் பதிவேடு வைப்பது பெரிய காரியமா?

முதல் பக்கம் என்பதால் விவரம்: சாவி போட்டதும் அந்தச் சிவப்பு லைட் ஆறேழு நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். வண்டி தன்னையே சோதித்துக்கொள்கிறது என்று அர்த்தம். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ கோளாறு. எங்காவது மோதினால் காற்றுப் பை விரியாமல் போகலாம். லைட்டில் இருக்கும் படம், ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்து. பார்க்க நிறைமாதக்காரி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. இந்த வருசம் எனக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூலனூர் பக்கம் கோமாரித் தடுப்பூசி முகாம். ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். ஒரு எருமை என் இடது காலை மிதித்துவிட்டு நான்தான் குறுக்கே நின்றேன் என்பது போலப் பார்த்தது. திரும்பும்போது 9.40-க்கு லைட் எரிந்தது. வீடு வரை அணையவில்லை.

வந்ததும் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியை இறக்கி, சாணியைக் கழுவி, கால்மிதியை வெயிலில் காயப்போட்டேன். சாயங்காலம் பால் வாங்க எடுத்தபோது லைட் இல்லை. திமிர்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆபீஸ். லைட் எரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கன்னிவாடி பக்கம் முகாம். 10.15-க்கு எரிந்தது. நாளை அணைந்துவிடும் என்று இப்போதே எழுதலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஈரோட்டுக்குப் போய் மகள் சிந்துஜாவைப் பார்த்துவிட்டு வந்தேன். போக வர வெள்ளகோவில் வழி. லைட் எரியவில்லை.

சிந்துஜாவுக்கு முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். செப்டம்பர் 11 வியாழக்கிழமை வளைகாப்பு. தாய்வீட்டுச் சீராக எங்கள் கட்டுச்சோறு போய் இறங்கி, வளையல் போட்டு, அன்றைக்கே பிரசவத்துக்கு அவளைத் தாராபுரம் கூட்டி வருவதாகப் பேச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம், ஈரோட்டில் நல்ல கார் எலக்ட்ரீசியன் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். எதுக்குங்கத்தை என்றார். லைட் விஷயத்தைச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங் சம்பந்தி, லைட் எரியற வண்டிலயா புள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போறீங்க?"

"அது எரியாதுங்க. அதுக்குள்ள சரி பண்ணிருவேன்."

"அதில்லீங். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? நம்ம வண்டில டிரைவரப் போட்டு அனுப்பறோம். நீங்களும் அதுலயே வந்துருங்க."

"என்ற பொண்ண நாந்தானுங் ஓட்டிட்டுப் போவேன்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சிந்துஜா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் சம்பந்தியம்மா, "சரிங், லைட் நின்னுதுன்னா பாக்கலாம்," என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது பாதி. லைட் எரிகிற வண்டியில் சிந்துஜாவை ஏற்றக்கூடாது என்கிற மீதிப் பாதி சரி. அதுதான் எரிச்சல். அவர் சொல்லாவிட்டாலும் நானே ஏற்றமாட்டேன். உயிரே போனாலும் ஏற்றமாட்டேன்.

பதினெட்டு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லைட் இல்லை.

குளியலறைக் கண்ணாடியில் சிந்துஜா தீபாவளிக்கு வந்தபோது ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் நாலைந்து கிடந்தன. பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன். பொட்டை நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ட இடத்தில் ஒட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. ஒற்றை ஆளுக்கு எட்டுக் கொழுக்கட்டை பிடித்து, ஆறை எதிர்வீட்டு லோகாம்பாளிடம் கொடுத்தேன். கோயில் வரை வண்டியில் போனேன். லைட் இல்லை. பிள்ளையாரிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இது எனக்கும் லைட்டுக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

குண்டடம் முகாம். 9.05-க்கே எரிந்தது. அணைவதற்குள் யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து வண்டியை அவசரமாகக் கழுவிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வேலுச்சாமியிடம் போனேன். நல்ல வேளை, லைட் அணையவில்லை. முதல் முறையாக இன்னொரு மனிதக் கண் அதைப் பார்த்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

வேலுச்சாமி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, இதெல்லாம் எல்லா வண்டிலயும் வர்றதுதானுங். மீட்டரக் கழட்டி அந்த பல்ப மட்டும் புடுங்கி உட்டுரலாம். பத்து நிமிச வேலை."

"பல்ப புடுங்குனா கோளாறு போயிருமா?"

"கோளாறு எங்க போகுது? உங்க கண்ணுக்குத் தெரியாதுல்லங்க. கழட்டற வேலைகூட வேண்டாம்னா, கண்ணாடி மேல ஒரு பொட்ட ஒட்டி உட்டுருங்க. எத்தன பேரு அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கறாங்க."

கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லைட் இல்லை.

நேற்று வேலுச்சாமியிடம் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். "உன் பொண்டாட்டி புள்ளைங்க போற வண்டிக்கு ஒட்டுவியா? ஒட்டுவியாடா?" என்று கேட்டேன். அவனுக்கு நாற்பது வயது, 'டா' போட்டது தப்பு. சாயங்காலம் போன் செய்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, மாமா இல்லாத நேரத்துல பொட்டுன்னு வாய் தவறி உங்ககிட்டச் சொல்லிட்டேன்," என்றான்.

புருசன் இல்லாதவளிடம் பொட்டைப் பற்றிப் பேசிவிட்டோம், அதனால்தான் கத்தினாள் என்று நினைத்திருக்கிறான். நினைக்கட்டும்.

ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. அவர் போய் ஐந்து வருசமாகிறது. பூ வைத்துக்கொள்கிறேன், கலர் சேலை கட்டுகிறேன், கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்காருகிறேன், யாராவது முகம் சுளித்தால் திரும்பி நானும் சுளிக்கிறேன். பொட்டு மட்டும் வைப்பதில்லை. எல்லாவற்றிலும் எகிறுகிறவள் அதில் மட்டும் ஊருக்கு அடங்கிப் போகிறாளே என்று சிந்துஜாகூட ஒரு தடவை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. இது லைட்டுக்கான டைரி.

செப்டம்பர் 1, திங்கள்

சம்பந்தியம்மா போன் செய்தார். நாள் நெருங்குகிறதாம், லைட் நின்றுவிட்டதா என்றார். பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. "இல்லீங், இன்னும் பாத்துட்டு இருக்காங்க," என்றேன்.

"அப்ப நம்ம டிரைவரையே சொல்லி வெச்சரட்டுங்களா?"

"பதினொண்ணாந்தேதி காலைல சொல்றேன்."

"காலைலைங்களா!"

"ஆமாங். லைட் எரிஞ்சுதுன்னா நானே டிரைவரக் கூப்புடச் சொல்றேன். வாக்குக் குடுக்கறேன். எரியலைன்னா நாந்தான் ஓட்டுவேன்."

சம்பந்தியம்மா அதோடு டிரைவர் பேச்சை விட்டார். பிறகு, "உங்களுக்குப் பயமா இல்லீங்களா சம்பந்தி? அந்த மாதிரி ஒரு ஆக்சிடென்ட் நடந்ததுக்கப்பறம் நானா இருந்தா ஸ்டியரிங்கயே தொட்டிருக்க மாட்டேன்," என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். பயமாகத்தான் இருக்கிறது என்றேன். பயந்தால் ஓட்டக்கூடாதா என்ன?

செப்டம்பர் 2, செவ்வாய்

நாலாவது தடவை சர்வீஸ் சென்டர். வழக்கம்போலக் கழுவித் துடைத்து, சீட்டை ஒழுங்காக முன்னால் தள்ளி, கொஞ்சம் சாம்பிராணிகூடக் காட்டிக் கொண்டுபோனேன். லைட் வழக்கம்போல இல்லை.

ஆனால் இந்த முறை கையில் டைரி இருந்தது. லைட்டைப் பற்றிய வரிகளை மட்டும் நானே வாசித்தேன். மதிவாணன் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"மேடம், சித்தெ இருங்க. எரிஞ்ச அன்னிக்கு மட்டும் திரும்பச் சொல்லுங்க."

"பத்தொம்போது, மூலனூர். இருவத்திரெண்டு, கன்னிவாடி. இருவத்தெட்டு, குண்டடம்."

"மூணும் முகாம் நாள். ஆபீஸ் நாள்ல எரியல, ஈரோடு போனப்ப எரியல. முகாமுக்குப் போனா வண்டில என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல. அதே வண்டி, அதே நான்."

அவர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மோந்து பார்த்தார். "நீங்க ஒவ்வொரு தடவையும் கழுவிட்டா கொண்டு வர்றீங்க?"

"பின்ன? சாணியோடவா கொண்டு வருவாங்க?"

"மேடம், அடுத்த தடவை முகாம்ல லைட் எரிஞ்சா வீட்டுக்குப் போகாதீங்க. கழுவாதீங்க. ஒரு துரும்பக்கூட எடுக்காதீங்க. அப்படியே நேரா இங்க வாங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகாம் முடிந்த வண்டி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அழுக்கு வண்டியைக் கொண்டுபோய் நாலு பேர் மத்தியில் நிறுத்துவதா? ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய்ப் படுக்கிறவர்கள் நாம்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

மருந்து வரவில்லை, முகாம் இல்லை. லைட்டும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மருந்து வரவில்லை. இத்தனை நாள் எரியாதே எரியாதே என்று வேண்டியவள் இன்று எரிந்து தொலை என்று வேண்டினேன். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி முன்னால் இருக்கும் வேகத்தடையில் நாலு தடவை வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். போலீஸ்காரர் ஒருவர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் ஏழு நாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

எரிந்தது.

சங்கரண்டாம்பாளையம் முகாம், 9.20. கட்டுத்தரையிலேயே கையைத் தட்டிவிட்டேன். மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "என்னுங் டாக்டரம்மா, நல்ல சேதியா?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று இருபத்தாறு வருசமாகச் சொல்லி அலுத்துவிட்டேன். ஆமாங்க என்றேன்.

காலில் சாணி, சேலையில் மாட்டு எச்சில், வண்டிக்குள் வைக்கோலும் ஐஸ் பெட்டியும். அப்படியே சர்வீஸ் சென்டர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன். உள்ளே குளுகுளு அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். பொத்தட்டும் என்று டைல்ஸ் தரையில் தடம் பதிய நடந்துபோனேன்.

"மதிவாணன், எரியுது. வாங்க."

ஓடி வந்தார். வந்தவர் லைட்டைக்கூடப் பார்க்கவில்லை, இடதுபக்க முன் சீட்டின் காலடியில் இருந்த ஐஸ் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இது எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"மருந்து சூடாகக் கூடாதில்ல. டிக்கில வெச்சா வெந்துரும். இங்க வெச்சா ஏசி நேராப் படும்."

"பெட்டி உள்ள போறதுக்கு?"

"சீட்டக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளிருவேன்."

அவர் வெள்ளைச் சட்டையோடு அந்தச் சாணியில் முழங்காலிட்டார். நான் பதறிப்போய்த் துணி எடுக்க ஓடினேன். "இருங்க மேடம், எங்க வீட்லயும் எருமை இருக்குதுங்க," என்று சொல்லிக்கொண்டே செல்போன் டார்ச்சை அடித்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பிறகு என்னையும் குனியச் சொன்னார்.

சீட்டைக் கடைசி வரை தள்ளினால் அடியில் இருக்கும் மஞ்சள் ஒயர் விறைப்பாக இழுபடுகிறது. அதன் சாக்கெட் கிளிப்பிலிருந்து கழன்று போய்த் தரைவிரிப்பில் உட்காருகிறது. பெட்டியிலிருந்து கசிந்த ஐஸ் தண்ணீர் அங்கேதான் தேங்கி நிற்கிறது. சாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பித்தளைச் செம்பு மாதிரி பச்சை பூத்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் நான் செய்வது என்ன? பெட்டியை இறக்குகிறேன். தண்ணீரைத் துடைக்கிறேன். கால்மிதியைக் காயவைக்கிறேன். சீட்டை முன்னால் தள்ளுகிறேன். மூன்று முறையும் அப்புறம் நாலாவது முறையும் தடயத்தை நானே கழுவித் துடைத்து, சாம்பிராணி காட்டி, கோளாறு எங்கே என்று கண்டுபிடி பார்க்கலாம் என்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே நின்று அழுதேன். மதிவாணன் பாவம், பயந்துவிட்டார். "மேடம், சின்ன விசயந்தானுங். திங்கக்கெழம புது சாக்கெட் வந்துரும், தொங்காத மாதிரி மேல தூக்கிக் கட்டிக் குடுத்தர்றேன்."

சின்ன விஷயம் என்பதற்குத்தான் அழுதேன். குனிந்து பார்த்தால் தெரிகிற சின்ன விஷயம். ஐந்து வருசத்துக்கு முன்னாலும் யாராவது குனிந்து பார்த்திருந்தால்.

செப்டம்பர் 8, திங்கள்

புது சாக்கெட் போட்டாயிற்று. பெட்டியைத் தட்டுக்குள் வைத்துப் பின் சீட்டில் கட்டச் சொல்லியிருக்கிறார் மதிவாணன். வண்டிக்கார மொழியில் மன்னிப்பு கேட்பது போல, கிளம்பும்போது, "நீங்க எழுதிட்டு வந்தீங்களே மேடம், நான் சும்மாதான் சொன்னேன்," என்றார். தெரியும் என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நம்பிக்கை வேறு, சோதனை வேறு. இன்றைய முகாமுக்குப் பெட்டியை வேண்டுமென்றே பழைய இடத்திலேயே வைத்து, சீட்டைக் கடைசி வரை தள்ளி, தண்ணீரும் கசியவிட்டு ஓட்டினேன். மூன்று மணி நேரம். எரியவில்லை. சாவியைப் பதினோரு தடவை போட்டு எடுத்தேன். பதினோரு தடவையும் எரிந்து, அணைந்தது.

சிந்துஜா போன். "அம்மா, நாளன்னைக்கு ஊதியூர் வழியாவே போலாம்."

"வெள்ளகோவில் வழிதான் நல்லாருக்கும். ஊதியூர் ரோடு மோசம்."

"புதுசாப் போட்டு ரெண்டு வருசம் ஆச்சும்மா. சுத்திட்டுப் போனா எனக்கு இடுப்பு வலிக்கும்."

பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. லோகாம்பாளும் நானும் மாலை வரை நின்று எல்லாவற்றுக்கும் தாளித்து வைத்தோம். விடிகாலையில் வடித்துக் கிளற வேண்டும். கால் கடுக்கிறது. லைட் எரியவில்லை. அதைப் பற்றி நினைத்துக்கொண்டே உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளகோவில் வழியாகப் போனேன். பின்னால் சோற்றுப் பாத்திரங்கள், அவற்றுக்கு நடுவில் லோகாம்பாள். லைட் எரியவில்லை. வளையல் போட்டார்கள். நான் எங்கே நிற்பது என்று யாரும் சொல்வதற்கு முன்னால் சிந்துஜா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன், வீணாகிவிட்டது. புளிச்சோற்றில் உப்பு அதிகம் என்று ஒரு மாமா மட்டும் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா வாசலுக்கு வந்தார். அவர்களுடைய டிரைவர் வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார்.

"லைட் நின்னுருச்சுங்களா சம்பந்தி?"

"நீங்களே வந்து பாருங்க."

பட்டுச்சேலையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவி போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது.

"ஐயோ, எரியுதே!"

"எரியணுங். எண்ணுங்க."

அவர் சத்தமாக எண்ணினார். ஆறில் அணைந்தது.

"இது எரியவே இல்லைன்னாத்தானுங் பயப்படணும். யாரோ அது கண்ணப் பொத்தி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்," என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மூன்றாவது தடவை சாவியை வாங்கி அவரே போட்டுப் பார்த்தார். பிறகு இறங்கி, டிரைவரைப் பார்த்து, "நீ சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போப்பா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. சிந்துஜாவின் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி அவரே மாட்டிவிட்டார்.

லோகாம்பாள் பின்னால் ஏறியதும் தூங்கிவிட்டாள். ஊரைத் தாண்டியதும் சிந்துஜா கையை நீட்டிக் காங்கேயம் ரோட்டைக் காட்டினாள். திருப்பினேன். ஐந்து வருசத்தில் முதல் முறை.

காங்கேயம் வரை பேசிக்கொண்டே வந்தோம். ஊதியூர் மலை தெரிந்தது. விபத்து நடந்த இடத்துப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், ஆனால் இடம் எனக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கல் மேல் உட்கார்ந்தேன். சிந்துஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சொல்லிவிட்டேன். பழைய காரில் இதே லைட் மூன்று வாரம் எரிந்துகொண்டிருந்தது. முகாம் நாட்கள், நேரம் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அது கண்ணைக் குத்தியது. ஒருநாள் என் நெற்றியில் இருந்த அரக்குப் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வண்டிக்கும் பொட்டு வெச்சாச்சா, இனி இதுக்கு ஒண்ணும் ஆகாது," என்று சிரித்தார். நாலாவது நாள் இந்த இடத்தில் லாரிக்காரன் குறுக்கே திருப்பினான். பை விரியவில்லை. எனக்குக் காறை எலும்பு உடைந்தது, அவர் போய்விட்டார். எல்லோரும் லாரிக்காரன் தப்பு என்றார்கள். பொட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பொட்டுப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலே எனக்கு அந்தச் சிரிப்புக் கேட்கும்.

சிந்துஜா வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ஆர்சி புக் எடுக்கறதுக்கு மாமாகூட ஸ்டேஷனுக்குப் போனேனில்ல. வண்டிக்குள்ள பாத்தேன். அது ஒட்டி இருந்துது. உம்பட பொட்டுதான்னு தெரிஞ்சுது. யாரும் பாக்கறதுக்கு முன்னால நெகத்துல சுரண்டி எறிஞ்சுட்டேன்."

இருபத்தொரு வயதில். அப்பாவைப் பறிகொடுத்த வாரத்தில். ஐந்து வருசம் அதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள், என்னைப் போலவே, என் வீட்டிலேயே.

"எம்மேல கோவம் இல்லியா?"

"இருந்துது. ரெண்டு வருசம் இருந்துது. அப்பறம் பாத்தா, நான் பட்டதவிட நீ அதிகமா உம்மேலயே கோவப்பட்டுட்டு இருந்தே. எனக்கு எடமே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "பை விரிஞ்சிருந்தா அப்பா இருந்திருப்பாருன்னு யாரும் சொல்ல முடியாதும்மா. அடிச்சது அவரு பக்கந்தான்."

"போயும் இருக்கலாம், பொழைச்சும் இருக்கலாம்."

"ஆமா. அது அப்படியேதான் இருக்கும். அதுக்கு நானும் ஒண்ணும் பண்ண முடியாது, நீயும் ஒண்ணும் பண்ண முடியாது." எழுந்திருக்கக் கையைக் கொடுக்கச் சொன்னாள். எழுந்ததும் என் முகத்தை ஒரு நிமிசம் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. பொட்ட வண்டில ஒட்டுனது தப்பு. ஒட்ட வேண்டிய எடத்துல ஒட்டாம இருக்கறது அதுக்குப் பரிகாரம் இல்ல."

வண்டியில் ஏறினோம். பெல்ட்டை நானே இறக்கி மாட்டினேன். சாவி போட்டேன். லைட்டில் இருக்கும் நிறைமாதக்காரி சிவப்பாக எரிந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். ஆறில் அணைந்தது.

பின் சீட்டிலிருந்து லோகாம்பாள், "ஊர் வந்துருச்சுங்களா?" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை 7.10. சிந்துஜா தூங்குகிறாள். பால் வாங்கக் கிளம்பினேன். சாவி போட்டேன்; எரிந்தது, அணைந்தது.

கால்மிதியில் ஊதியூர் மண் இருக்கிறது. இன்றைக்குக் கழுவப் போவதில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன், பொட்டு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது, பழக்கம் விட்டுப்போய்விட்டது. நேராக்கி ஒட்டினேன். வாசல் கூட்டிக்கொண்டிருந்த லோகாம்பாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என் நெற்றியையே பார்த்தாள்.

பார்க்கட்டும்.